ஒப்புக்கு ஒரு ஊர்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு வாய் எதற்கு இருக்கிறது என்றே தெரியவில்லை. தெருவில் நாலு பேர் ஒருவர் பின்னால் ஒருவர் நின்றால் போதும், ஓடிப்போய் ஒட்டிக்கொள்கிறார்கள். என்ன தருகிறான், எதற்குத் தருகிறான், ஒரு கேள்வி கிடையாது. முதலில் இடம் பிடி, அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். அப்புறம் கேட்டாலும் முன்னால் நிற்பவருக்குத் தெரியாது. அவருக்கு முன்னால் நிற்பவர், "ஏதோ தர்றாங்களாம்" என்பார். சண்டை ஆரம்பித்ததிலிருந்து ஊரில் வளர்ந்தது இந்த வரிசை ஒன்றுதான். மற்றதெல்லாம் தேய்ந்துவிட்டது.

தச்சுப் பட்டறைக் கிழவரும் ஒருநாள் அப்படி நிற்கும்படி ஆயிற்று. ரொட்டிதான் என்று பக்கத்தில் நின்ற அம்மாள் அடித்துச் சொன்னாள். கால் கடுக்க நின்று கடை வாசலுக்குப் போனால், பூட்ஸ் கயிறு. கிழவர் காலில் இருந்தது ரப்பர் செருப்பு.

"இதை வச்சு நான் என்ன பண்றது? கழுத்துல மாட்டிக்கவா?"

"வேணாம்னா தள்ளி நில்லுங்க பெரியவரே. பின்னால எத்தனை பேர் நிக்கிறாங்க பாருங்க."

"வேணாம்னு நான் எப்பச் சொன்னேன்?" என்று வாங்கிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். நாம் விட்டால் அதை வேறு எவனாவது கொண்டுபோய்விடுவான் அல்லவா?

பட்டறையில் அவருக்கு 'எதிர்க்கட்சி' என்று பேர் வைத்திருந்தார்கள். மழை வரும் என்றால் வராது என்பார். வராது என்றால், உன்னிடம் சொல்லிவிட்டா வரும் என்பார். ரேஷன் பாலில் சுண்ணாம்பு கலக்கிறார்கள். நம் ரேடியோவில் செய்தி படிப்பவனேதான் எதிரி ரேடியோவிலும் படிக்கிறான். இப்படி அவரிடம் தினம் ஒன்று இருக்கும். பூங்காவைச் சுற்றி இருந்த இரும்பு வேலியைப் பீரங்கி வார்க்க அறுத்துக்கொண்டு போனபோது, "அந்தத் துருப்பிடிச்ச கம்பியில பீரங்கி செஞ்சா அது எதிரியைச் சுடாது, பின்னால நிக்கிறவனைத்தான் சுடும்" என்றார். அதே பூங்காவில் ரோஜாவைப் பிடுங்கிவிட்டு உருளைக்கிழங்கு போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஜனங்கள் தூங்கினார்கள். பிள்ளைகள் சினிமாக் கொட்டகையில் படித்தார்கள். நேற்றுவரை பல்பு மாட்டவே பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட்ட பெண்கள், கால்சட்டை மாட்டிக்கொண்டு கரண்டுக் கம்பத்தில் ஏறினார்கள். எது எங்கே இருக்க வேண்டுமோ அது அங்கே இல்லை. இதெல்லாம் நல்லதா கெட்டதா என்று கிழவருக்குப் பிடிபடவில்லை. பிடிபடாததை எல்லாம் கெட்டது என்றே வைத்துக்கொள்வது அவர் வழக்கம். பின்னால் ஏமாற வேண்டியதில்லை பாருங்கள்.

இத்தனையிலும் அவரை நிஜமாக அரித்த கவலை ஒன்றுதான். அது மருமகளுடைய இருப்பிடம்.

மகன் போர்முனையில் இருந்தான். எந்த முனை என்று கேட்கக் கூடாதாம். அவர்கள் குடியிருந்த வீட்டின்மேல் குண்டு விழவில்லை. பக்கத்து வீட்டின்மேல்தான் விழுந்தது. பக்கத்து வீடு சாயும்போது இவர்கள் வீட்டையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. மருமகள் அப்போது வெடிகுண்டுத் தொழிற்சாலையில் வேலையில் இருந்தாள். பேத்தி அங்கேயே குழந்தைக் காப்பகத்தில். கிழவர் பட்டறையில். யாருக்கும் ஒரு கீறல் கிடையாது. வீடுதான் கிடையாது.

அன்றிலிருந்து கிழவருக்குப் பட்டறையில் மரத்தூள் மூட்டை படுக்கை ஆயிற்று. மருமகளும் பேத்தியும் பள்ளிக்கூடத்துப் பெரிய ஹாலில். குடும்பத்துக்குக் குடும்பம் கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டிருந்தார்கள், அதுதான் சுவர். ஒருத்தர் இருமினால் ஹாலே இருமும். அந்த இருமல் பேத்தியின் நெஞ்சிலும் வந்து உட்கார்ந்துகொண்டது.

"மாமா, எனக்குக் கட்டில் வேணாம், மேஜை வேணாம். உள்ள போய்ச் சாத்திக்க ஒரு கதவு இருந்தா போதும்" என்றாள் மருமகள். "பக்கத்துல படுத்திருக்கிற அம்மாவுக்கு என்ன கனவு வருதுன்னுகூட எனக்குத் தெரியுது."

"கதவு நான் செஞ்சு தர்றேன். மாட்டறதுக்குச் சுவர் யார் தருவா?"

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, குழந்தையின் முதுகைத் தடவுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் பட்டறை வாசலில் சர்க்கார் லாரி வந்து நின்றது. நாலாபக்கமும் தார்ப்பாய் போட்டு மூடிய லாரி. தச்சர்களை எல்லாம் ஏற்றி, எங்கே போகிறோம் என்று தெரியாதபடி சுற்றிச் சுற்றி ஓட்டி, ஊருக்கு வெளியே ஒரு பொட்டல்வெளியில் இறக்கிவிட்டார்கள். வழியில் சோப்பு ஃபாக்டரி நாற்றம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதே நாற்றம் மறுபடி வந்தது. "ஒரே இடத்தைச் சுத்தறான். இதுக்குப் பெட்ரோல் இருக்கு" என்றார் கிழவர்.

அங்கே பொறுப்பதிகாரி என்று ஒருவர் நின்றார். பூட்ஸ், பெல்ட், தொப்பி எல்லாம் கச்சிதமாகத்தான் இருந்தன. பேச்சில்தான் பட்டாளத்து வாடையே இல்லை. சண்டைக்கு முன்னால் நாடகக் கொட்டகைக்கு சீன் வரைந்தவராம். அரண்மனை, காடு, கடற்கரை எல்லாம் துணியில் வரைந்து சுருட்டி வைப்பாராம். அன்று சாயங்காலத்துக்குள்ளேயே தச்சர்கள் அவருக்கு 'சீன்காரர்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

"இங்க ஒரு ஊர் கட்டணும்" என்றார் சீன்காரர். "தெரு, வீடு, தபாலாபீஸ், புகைபோக்கி வச்ச தொழிற்சாலை, எல்லாம். மரச்சட்டம், பலகை, கித்தான் துணி. அவ்வளவுதான். கதவெல்லாம் திறக்க வேண்டியதில்ல. பலகையை அடிச்சு, கதவு மாதிரி பெயின்ட் பண்ணாப் போதும்."

"திறக்காட்டி அது கதவு இல்லைங்களே" என்றார் கிழவர். "சுவரு."

"சரி, சுவர்னே வச்சுக்குங்க. கதவு மாதிரி இருக்கிற சுவர்."

"உள்ள எப்படிப் போறது?"

"யாரும் போகப் போறதில்ல."

"அப்ப வீடு எதுக்கு?"

"பெரியவரே, அது ராணுவ ரகசியம்."

ரகசியம் என்ற சொல் காதில் விழுந்ததுமே கிழவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். எவனோ ஒரு கான்ட்ராக்டர் கீலையும் தாழ்ப்பாளையும் விழுங்கப் பார்க்கிறான். கணக்கில் கதவு இருக்கும், வீட்டில் இருக்காது. வீடு போன ஜனங்களைக் கொண்டுவந்து இந்தத் துணிக் கூட்டுக்குள் அடைத்துவிட்டு, படம் பிடித்துப் பத்திரிகையில் போட்டுக்கொள்வான். வேறென்ன?

"என் கையால ஒப்புக்குக் கதவு செய்ய மாட்டேன்" என்று மற்றவர்களிடம் சொன்னார்.

"எதிர்க்கட்சி, நீயே இங்க குடிவரப் போறியா?" என்று கேலி செய்தான் ரம்பக்காரன்.

"வர்றவன் எவனா இருந்தாலும் மனுஷன்தானே? மழை பெஞ்சா நனைவான்தானே?"

கடைசி வரிசை அவர் பொறுப்பில் இருந்தது. சீன்காரர் அந்தப் பக்கம் வராத நேரமாகப் பார்த்து, சட்டத்துக்குச் சட்டம் துளைபோட்டு இறுக்கினார். கூரைக்குக் கித்தான் துணிக்குக் கீழே தார் அட்டையை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி அடித்தார். இடிந்த வீடுகள் நிறைந்த ஊரில் கீலுக்கா பஞ்சம்? காலையில் லாரி வருவதற்குள் இடிபாட்டைக் கிளறிப் பை நிறைய எடுத்துக்கொண்டு போவார். அவர் வரிசையில் கதவு திறந்தது, மூடியது, உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

சீன்காரர் ஒருநாள் பார்த்துவிட்டார். கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று அவர் முகத்துக்குத் தெரியவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா வீண் வேலை பெரியவரே. நமக்கு இது தேவையே இல்ல."

"நீங்க ஜன்னலுக்கு ஜன்னல் பூந்தொட்டி வரைஞ்சு வச்சிருக்கீங்களே, அது மட்டும் தேவையா?"

சீன்காரர் கையில் அப்போதும் தூரிகை இருந்தது. அதைப் பின்னால் மறைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஊர் முடிகிற சமயத்தில் கரண்டு வேலைக்கு ஒரு பெண் வந்தாள். கால்சட்டை, தோளில் கம்பிச் சுருள், வாயில் ஆணி. கிழவர் வரிசைக் கூரைமேல் ஏறி விளக்கு மாட்ட ஆரம்பித்தாள். கிழவருக்குக் கண்ணைக் கட்டியது. ஊரில் ராத்திரி ஒரு தீக்குச்சி கிழித்தால் அபராதம். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. இவள் என்னடா என்றால் கூரைக்கு வெளியே விளக்கு மாட்டுகிறாள்.

"ஏம்மா, விளக்கு வீட்டுக்கு உள்ளதானே எரியணும்? கூரைமேல காக்காய்க்கா போடறே?"

"காக்காய்க்கு இல்ல தாத்தா. அதைவிடப் பெருசு ஒண்ணு மேல பறந்து வரும்ல, அதுக்கு." அவள் கீழே இறங்கி, யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துவிட்டுச் சொன்னாள். "அவசரத்துல மூட மறந்த விளக்கு மாதிரி அங்கொண்ணும் இங்கொண்ணுமா எரியும். குண்டு போட வர்றவன் இதுதான் ஊர்னு நினைச்சு இங்க போட்டுட்டுப் போயிடணும். நிஜ ஊர் தப்பிச்சிடும். உங்களுக்குச் சொல்லலையா?"

கிழவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். வா வா என்று விளக்கு பிடித்துக் குண்டைக் கூப்பிடுகிறார்களா? இது கெட்டிக்காரத்தனமா, பைத்தியக்காரத்தனமா? திருட்டு என்று நினைத்தபோதுகூட மனசு ஒரு நிலையில் இருந்தது. திட்டுவதற்கு ஆள் இருந்தது. இப்போது யாரைத் திட்டுவது? தன் கதவுகளைத் திரும்பிப் பார்த்தார். குண்டு விழுவதற்காகவா அத்தனை பார்த்துப் பார்த்து இழைத்தோம் என்று வெட்கமாக இருந்தது.

வேலை முடிந்த அன்று சீன்காரர் எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "இங்க பார்த்ததை வெளியில ஒரு வார்த்தை சொன்னா ஜெயில்தான். பெண்டாட்டி, பிள்ளை, யார்கிட்டயும் கூடாது."

"எனக்குப் பெண்டாட்டி இல்ல. பிள்ளை எங்க இருக்கான்னு நீங்கதான் சொல்லணும்" என்றார் கிழவர்.

கொஞ்ச நாள் போயிற்று. ஒருநாள் மருமகள் வேலை உடுப்போடு பட்டறைக்குள் நுழைந்தாள். வெடிமருந்துப்பொடி பட்டு அவள் விரலெல்லாம் மஞ்சளாக இருந்தது. முகம் மட்டும் அன்றைக்கு வேறு மாதிரி இருந்தது.

"மாமா, வீடு கிடைச்சிருச்சு!"

"யார் தந்தா?"

"யாரும் தரல. நாங்களே போயிட்டோம். எங்க தொழிற்சாலைப் பொண்ணு ஒருத்தி உருளைக்கிழங்கு தேடிக் காட்டுப்பக்கம் போனப்ப பார்த்திருக்கா. புதுக் காலனி மாமா. ஆளே இல்லாமக் கிடக்கு. அவ போனா, அவ பின்னால அவ அக்கா போனா, அப்புறம் ஹாலே கிளம்பிடுச்சு. நான் மட்டும் நின்னு என்ன பண்றது? நிறைய வீடு உள்ள போகவே முடியாது, சும்மா பலகை. ஆனா கடைசி வரிசை இருக்கே..." அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள், ஏதோ அதில் வைத்திருப்பதுபோல. "கதவு திறக்குது, சாத்துது, உள்ள தாழ்ப்பாள். கூரை ஒரு சொட்டு ஒழுகல. பழைய காலத்து ஆள் யாரோ செஞ்சிருக்கணும். உங்க வேலை மாதிரியே இருக்கு."

கிழவர் கையில் இருந்த உளி கீழே விழுந்தது. நல்லவேளை, கால்மேல் விழவில்லை.

"அங்க வேணாம்" என்றார்.

"ஏன்?"

ஏன் என்று சொன்னால் ஜெயில். அவர் ஜெயிலுக்குப் போனால்கூடப் பரவாயில்லை. கேட்டவளையும் பிடித்துப் போடுவான்களோ? குழந்தை எங்கே போகும்?

"அங்க... பாம்பு இருக்கு."

"பாம்புக்குத் தாழ்ப்பாள் போடத் தெரியாது மாமா."

"மரம் சரியில்ல. பச்சை மரம். வளைஞ்சுடும்."

"வளையட்டும். எங்களுக்கு முதுகே வளைஞ்சு போச்சு."

"நான் சொல்றேன், கேளு. அந்த இடம் ஆகாது."

மருமகள் பெருமூச்சு விட்டாள். "மாமா, பால்ல சுண்ணாம்புன்னீங்க. குட்டி குடிச்சுட்டுத்தான் இருக்கா. நான் வேலைக்குப் போகக் கூடாதுன்னீங்க. போயிட்டுத்தான் இருக்கேன். பதுங்குகுழி வெட்டினா தண்ணி ஊறும்னீங்க. நீங்க எதையாவது ஆகும்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. சாயங்காலம் ஆனா அங்க விளக்குக்கூட எரியுது, தெரியுமா?" இதைச் சொல்லும்போது மட்டும் அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் போன பிறகு கிழவர் மரத்தூள் மூட்டையில் உட்கார்ந்தார். ஆயுசு முழுக்க எல்லாவற்றுக்கும் குறை சொல்லித் தீர்த்தாயிற்று. இப்போது நிஜமாக ஒன்று சொல்ல வேண்டும். சொல்லுக்கு மரியாதை இல்லை.

மறுநாள் மத்தியானமே கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு, மருமகள் சொன்ன காட்டுப்பக்கமாக நடந்தார். பொய் ஊரை நெருங்க நெருங்க அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது, வேறெங்காவது வந்துவிட்டோமா என்று. கொடிகளில் துணி காய்ந்தது. கித்தான் புகைபோக்கியில் புகை இல்லை. கடைசி வரிசையில் புகை வந்தது. ஒருத்தி டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் சர்க்கார் மணல் மூட்டைகளின்மேல் ஏறிக் குதித்தார்கள். சீன்காரர் வரைந்த தபாலாபீஸ் ஜன்னலுக்கு முன்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவர் பின்னால் வேறு சிலர் நின்றார்கள்.

"எப்பத் திறப்பாங்க?" என்று முதலில் நின்றவர் கிழவரையே கேட்டார்.

"அது பெயின்ட்டுய்யா!"

"காயட்டும். நமக்கென்ன அவசரம்?"

கிழவர் தலையில் அடித்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனார். மருமகள் வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. பேத்தியின் சட்டை கொடியில் கிடந்தது. கதவு வெளியே கொக்கி போட்டிருந்தது. அவள் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அவர் திருப்புளியை எடுத்துக் கீலைக் கழற்ற ஆரம்பித்தார். கதவும் கூரையும் போனால் அவளே திரும்பி வந்துவிடுவாள் என்று கணக்கு.

"யாருய்யா அது? பட்டப்பகல்ல கதவைத் திருடறது?" பக்கத்து வீட்டு அம்மாள் கையில் கரண்டியோடு வந்து நின்றாள்.

"திருடறதா? இது நான் செஞ்ச கதவு."

"அப்படியா? நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. வச்சுட்டுப் போங்க."

"இதைச் செஞ்சதுதான் தப்பு! புரியுதா? செஞ்சே இருக்கக் கூடாது!"

"செஞ்ச வேலைக்கு வருத்தப்படற ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்று அவள் உரக்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு இன்னும் நாலு வீடு திறந்தது. ஒவ்வொரு கதவும் முனகாமல் திறந்ததைக் கிழவர் கவனித்தார். கவனித்ததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டார்.

அதற்குள் மருமகள் வந்துவிட்டாள், பேத்தியைத் தூக்கிக்கொண்டு. குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. பாதி கழன்று தொங்குகிற கதவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். உள்ளே போய்க் குழந்தையைக் கிடத்திவிட்டு வந்தாள்.

கிழவர் அவளை வீட்டுக்குப் பின்னால் கூப்பிட்டுக்கொண்டு போனார். ஜெயில் என்றால் ஜெயில். குனிந்து, காதோடு சொன்னார். இது ஊர் இல்லை, எதிரிக்குக் காட்டுகிற பொம்மை, இங்கே குண்டு விழ வேண்டும் என்பதற்காகவே கட்டியது, எல்லாவற்றையும்.

"தெரியும் மாமா" என்றாள்.

"தெரியுமா?"

"விளக்கு எரிஞ்ச அன்னைக்கே புரிஞ்சுது. நான் குண்டு செய்யற இடத்துல வேலை பாக்கறவ. குண்டு எதைத் தேடி வரும்னு எனக்குத் தெரியாதா? இங்க பாதிப் பேருக்குத் தெரியும். யாரும் பேசிக்கறதில்ல, அவ்வளவுதான்."

"தெரிஞ்சுமா குழந்தையைக் கொண்டாந்து வச்சிருக்கே? உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?"

"பகல் முழுக்க குட்டி எங்க இருக்கா? வெடிகுண்டுத் தொழிற்சாலைக் காப்பகத்துல. அது நிஜத் தொழிற்சாலை மாமா, பெயின்ட் இல்ல. ராத்திரி தூங்கினது பள்ளிக்கூடத்துல. அதுக்குப் பக்கத்துத் தெரு பூராவும் போயிடுச்சு. நம்ம வீடு நிஜ வீடுதானே? அது எங்க?" அவள் குரலை உயர்த்தவில்லை, அசதியாகத்தான் பேசினாள். "இங்க பின்னால குழி வெட்டி வச்சிருக்கோம். வந்த நாலு ராத்திரியும் குட்டி இருமாமத் தூங்கினா. நானும் தூங்கினேன். எங்க விழும், எங்க விழாதுன்னு நீங்க சொல்லுங்க. நீங்க சொல்ற இடத்துக்கு இப்பவே வர்றேன்."

எந்த இடத்தைச் சொல்வது? கிழவர் ஒவ்வொரு இடமாக மனசுக்குள் போய்ப் பார்த்தார். பட்டறை, ரயில்வே ஸ்டேஷனுக்கு அடுத்த சந்து. ஹால், ஸ்டேஷனுக்கு எதிரே. சொந்தக்காரர்கள் இருந்த ஊர், பாலத்துக்குப் பக்கம். ஒரு இடமும் தேறவில்லை. இது வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரும். அது வேண்டும் என்று சொல்லிப் பழக்கம் இல்லை.

அப்போது வண்டிச் சத்தம் கேட்டது. சீன்காரர் ஜீப்பிலிருந்து இறங்கினார். கூடவே கரண்டுக்காரப் பெண்ணும். கிழவருக்கு உயிர் வந்தது. இந்த ஆள் விரட்டிவிடுவார். அதிகாரி சொன்னால் போய்த்தானே ஆக வேண்டும்?

"வாங்க, வாங்க. இவங்களை முதல்ல கிளப்புங்க."

சீன்காரர் தொப்பியைக் கழற்றினார். இளைத்துப் போயிருந்தார். "முந்தாநாளே வந்து சொன்னேன் பெரியவரே. எதுக்குப் போகணும்னு கேட்டாங்க. ரகசியம்னேன். அப்ப நாங்க இருக்கிறதும் ரகசியமாவே இருக்கட்டும்னுட்டாங்க. மேல கேட்டேன். ஒருத்தர் விரட்டுங்கிறார். இன்னொருத்தர், விரட்டி எங்க வைக்கறதுங்கிறார். இன்னொருத்தர், துணியெல்லாம் காயறதைப் பார்த்தா இப்பத்தான் ஊர் மாதிரியே இருக்கு, அப்படியே விடுங்கிறார்."

"கடைசியில?"

"கடைசியில, விளக்கைக் கழட்டச் சொல்லி உத்தரவு. இன்னையிலிருந்து இது நிஜ ஊர்."

கரண்டுக்காரப் பெண் ஏற்கெனவே கூரைமேல் இருந்தாள். கம்பி சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது. கீழே நின்ற ஜனங்கள் கை தட்டினார்கள். எதற்கு என்று தெரியாதவர்களும் தட்டினார்கள்.

"இருங்க, இருங்க" என்றார் கிழவர். "நேத்து வரைக்கும் பொய், இன்னைக்கு நிஜம். சரி. இது மேல பறக்கிறவனுக்குத் தெரியுமா? அவனுக்கு யார் சொன்னா?"

"அவனுக்கு ஏன் சொல்லணும்? விளக்கு இல்லாட்டி அவனுக்கு ஊர் இருக்கிறதே தெரியாது."

"முந்தி தெரிஞ்ச ஊர் திடீர்னு இருட்டாயிட்டா, 'ஓகோ, உஷாராயிட்டாங்க, அப்ப இதுதான் நிஜ ஊர்'னு நினைக்க மாட்டானா? நானா இருந்தா அப்படித்தான் நினைப்பேன்."

"எல்லாரும் உங்களை மாதிரியே இருப்பாங்களா பெரியவரே?"

"அவன் நாட்டுல என்னை மாதிரி ஒரு கிழவன் இருக்க மாட்டானா? அவனைக் கேட்டுட்டு வந்தான்னா?"

சீன்காரர் வானத்தைப் பார்த்தார். தான் வரைந்த ஜன்னல் பூந்தொட்டியைப் பார்த்தார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டார். "எனக்குத் தெரியல" என்றார் மெதுவாக. "நிஜமாவே தெரியல. ஆத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஊர் கட்டறோம். ஆள் போதல. வர்றீங்களா?"

"அதுக்குப் பக்கத்துல யார் குடியிருக்காங்க?"

"அது ரகசியம்."

"அப்ப நான் வரல."

மருமகள் பாதி கழன்ற கதவைத் தோளால் முட்டுக்கொடுத்து நிமிர்த்திக்கொண்டு நின்றாள். அவரையே பார்த்தாள். கிழவர் அவளை முறைத்தார். பிறகு போய், திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பழையபடி முடுக்கிவிட்டார். ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

"ஜன்னல் பக்கம் உங்களுக்கு இடம் விட்டு வச்சிருக்கேன் மாமா" என்றாள் அவள்.

"எனக்குப் பட்டறை போதும். குட்டியையாவது என்கூட அனுப்பு."

"எங்க, ஸ்டேஷன் பக்கத்துக்கா?"

அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டார். உள்ளே எட்டிப் பார்த்தார். குழந்தை குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. மூச்சு சீராக வந்தது. அதை மட்டும் குறை சொல்ல அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"குழியில இன்னும் ஆழம் வேணும்" என்றார். "உள்பக்கம் பலகை கொடுக்கணும். நாளைக்கு வர்றேன். அதுக்காக இந்த இடம் சரின்னு நான் சொன்னதா ஊர்பூராச் சொல்லிட்டுத் திரியாதே."

தெருமுனையில் கரண்டுக்காரப் பெண் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "என்ன தாத்தா, விளக்கைத்தான் கழட்டியாச்சே. இன்னும் நம்பிக்கை வரலையா?"

"வரல" என்றார் கிழவர், நிற்காமல். "உனக்கு வந்துடுச்சா?"

அவள் ஏதோ சொன்னாள். அதற்குள் அவர் வெகுதூரம் போய்விட்டார். வெயிலில் கண்ணைச் சுருக்கி, நிஜ ஊர் இருக்கிறதாகச் சொல்லப்பட்ட திசையைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே நடந்தார்.